கடற்கரை ஊர்களில் கார் ரிம்முக்குக் கறுப்புக் குரோம் பூச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் வட்டாரங்களில் கார் வைத்திருப்பவர்கள், அலாய் ரிம்முக்குக் கறுப்புக் குரோம் பளபளப்பு ஏற்ற வேண்டும் என்று விசாரிப்பது சில ஆண்டுகளாகக் கூடிவருகிறது. பட்டறைக்கு நேரில் வருபவர்களும் தொலைபேசியில் கேட்பவர்களும் ஏறக்குறைய ஒரே ஐயங்களை எழுப்புகிறார்கள். அவற்றை அவரவர் கேட்ட விதத்திலேயே எழுதிப் பதில் கொடுத்திருக்கிறேன். உள்நாட்டு ஊர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் பல, இரு பக்கமும் கடல் கொண்ட நம் கரைக்குப் பொருந்துவதில்லை. இந்தத் தொகுப்புக்கு அதுவே காரணம்.

டார்க் குரோம் என்றால் கறுப்பு பெயிண்ட்தானே அண்ணே? அதில் வேறு என்ன இருக்கிறது?

கறுப்பு பெயிண்ட் தன்மேல் விழும் ஒளியை உள்ளே வாங்கிக்கொள்ளும். அதில் தெரியும் மினுக்கம் மேலே உள்ள கிளியர் கோட் என்ற நிறமில்லாத தெளிவுப் பூச்சினுடையது மட்டுமே. டார்க் குரோமில், ஒளியைத் திருப்பி அனுப்பும் உலோகப் படலம் ஒன்று பூச்சுக்குள் இருக்கிறது. இருள் வேறொரு படலத்திலிருந்து வருகிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் அந்தப் புகைபடிந்த கண்ணாடித் தோற்றத்தைத் தருகின்றன.

இதை இரண்டு விதமாக அடுக்கலாம். பளபளப்பான கறுப்பைக் கீழே அடித்து, அதன்மேல் மிக நுண்ணிய அலுமினியத் துகள் கலந்த பூச்சை மெல்லிய பனிபோலத் தூவினால், வெயிலில் உலோகமாகவும் நிழலில் ஏறக்குறைய கறுப்பாகவும் தெரியும். மாறாக, வெள்ளிப் பளபளப்பைக் கீழே வைத்து, புகைக் கறுப்புச் சாயம் கலந்த தெளிவுப் பூச்சை மேலே அடித்தால், எந்த வெளிச்சத்திலும் ஒரே சீரான ஆழம் கிடைக்கும். கடைக்காரர் காட்டும் மாதிரி எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை நிழலிலும் வெயிலிலும் வைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

எத்தனை முறையில் இதைச் செய்கிறார்கள்? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

முதலாவது, உண்மையான குரோம் முலாம். ரிம்மை மெருகேற்றி, செம்பு, நிக்கல், குரோமியம் என்று மின்முலாம் தொட்டிகளில் அடுத்தடுத்து ஏற்றுவார்கள். கண்ணாடி போன்ற பளபளப்பில் இதற்கு ஈடு இல்லை. குரோமியப் படலம் ஒரு மைக்ரானைவிடவும் மெல்லியது. கனமும் காப்பும் அடியில் உள்ள நிக்கலால் வருகின்றன. இந்தத் தொழிலில் பழைய முறையாகப் பயன்படும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். கழிவைச் சுத்திகரிக்கும் வசதி இல்லாத இடத்தில் இதைச் செய்யக் கூடாது.

இரண்டாவது, பி.வி.டி. எனப்படும் வெற்றிட அறை முறை. பவுடர் பூசி வழவழப்பாக்கிய ரிம்மைக் காற்றில்லாத அறையில் வைத்து, உலோகத்தை ஆவித்துகளாக்கி அதன்மேல் படியச் செய்து, பிறகு கிளியர் பூசுவார்கள். இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டும் என்பதால் பெருநகரங்களில்தான் விசாரிக்க வேண்டும். மூன்றாவது, வெள்ளி நைட்ரேட் கரைசலையும் அதை வெள்ளியாக்கும் கரைசலையும் இரட்டை முனைத் துப்பாக்கியால் ஒரே நேரத்தில் தெளித்து, வெள்ளிப் படலம் உண்டாக்கும் முறை. மேலே சாயம் கலந்த கிளியர் வரும்.

நான்காவது பவுடர் கோட்டிங். மின்னேற்றிய தூளைத் தூவி, அடுப்பில் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி உருக்கிப் பிடிக்க வைப்பது இது. ஐந்தாவது, கார் பெயிண்ட் கடைகளில் கிடைக்கும் திரவப் பூச்சு, அதாவது முன் பதிலில் சொன்ன அலுமினியத் துகள் பூச்சு. கடைசியாக, உரித்தெடுக்கக்கூடிய ரப்பர் பூச்சும் இருக்கிறது. கல்யாணத்துக்கோ வண்டியை விற்பதற்கோ சில வாரம் அழகு காட்ட அது போதும். அதன்மேல் பெட்ரோல் சிந்தினால் கரைந்துவிடும். ஓரத்தில் சிறிது தூக்கினாலும் உப்பு நீர் உள்ளே புகுந்து அங்கேயே தங்கிவிடும்.

நம்ம கரைக்கு எது நிற்கும்? ஒரே வரியில் சொல்லுங்கள்.

நன்றாகச் சுத்தம் செய்த உலோகத்தின்மேல் எபாக்ஸி என்ற, இறுகப் பிடிக்கும் பிசின் அடிப்பூச்சு, அதன்மேல் கறுப்பு அல்லது குரோம் பவுடர், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் பவுடர் என்று மூன்று அடுக்காகச் செய்யும் பவுடர் கோட்டிங்கைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். இது முலாம் அளவுக்குக் கண்ணாடித் தோற்றம் தராது; அதை முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும்.

உண்மையான குரோம் முலாமை நம் பக்கத்து அலாய் ரிம்முக்கு நான் மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அலாய் ரிம்மில் பெரும்பகுதி அலுமினியம்; அது எளிதில் அரிபடும் உலோகம். செம்பும் நிக்கலும் அதைவிட உறுதியானவை. இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டிருக்க, நடுவில் உப்பு நீர் வந்தால் மின்கலம் உண்டாகிறது. அதில் பலவீனமான உலோகமே கரையும். ஆகவே முலாமில் ஊசிமுனை அளவு துளை விழுந்தாலும், கீழே உள்ள அலுமினியம் தனியாக இருப்பதைவிட வேகமாக அரிக்கப்படும். மேலே பளபளப்பு அப்படியே இருக்கும்போதே அடியில் வெள்ளைப் பொடி சேர்ந்து, ஒருநாள் முலாம் தகடு தகடாகக் கழன்று வரும். அதன் விளிம்பு கையைக் கிழிக்கும் அளவுக்குக் கூர்மையாக இருக்கும். பவுடர் மின்சாரத்தைக் கடத்தாத பிளாஸ்டிக் படலம் என்பதால், கீறல் விழுந்தாலும் இந்த மின்கலம் உருவாவதில்லை. அரிப்பு வரும், ஆனால் மெதுவாக வரும்.

என் வண்டி கடலுக்குள் இறங்கினதே இல்லை, மண்டபத்தில் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. ரிம் ஏன் வெள்ளை பூக்கிறது?

கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும் இடத்தில் எழும் நுண்துளிகளைக் காற்று கரைக்குள் கொண்டுவருகிறது. ஆடி மாதக் கச்சான் காற்றில் மன்னார் வளைகுடாப் பக்கமும், ஐப்பசி, கார்த்திகை வாடையில் பாக் நீரிணைப் பக்கமும் கடல் கலங்கும். மண்டபம், பாம்பன் போன்ற ஒடுங்கிய நிலத்துக்கு ஆண்டில் ஓய்வான காலம் மிகக் குறைவு. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பை ஆராய்வதற்கு மண்டபம் முகாமைத் தேர்ந்தெடுத்துக் கள ஆய்வு நடத்தியதும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசைலாக்சேன் என்ற சிறப்புப் பூச்சும் தேவைப்பட்டதும் இதே காற்றினால்தான்.

ரிம்மில் படியும் உப்பு காய்ந்த தூளாக இருப்பதில்லை. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து நீராகிவிடும். கடல் உப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடு அதற்கும் மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கும். நம் கரையில் இரவும் விடியற்காலையும் இந்த எல்லையைத் தாண்டாத நாள் அரிது. ஆகவே மழையே பெய்யாத சித்திரையிலும் உங்கள் ரிம் ஒவ்வோர் இரவும் மெல்லிய உப்பு நீரில் நனைந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்த நீர் கிளியர் கோட்டில் உள்ள சிறு கீறல் வழியாக உள்ளே சென்றால், பூச்சுக்கும் உலோகத்துக்கும் இடையில் புழு ஊர்ந்த தடம்போல நெளிநெளியாக அரிப்பு ஓடும். அது எப்போதும் ஒரு கீறலிலோ விளிம்பிலோ தொடங்கி, பூச்சின் அடியிலேயே நகரும். மேலிருந்து தேய்த்தால் போகாது. பூச்சை எடுத்தால்தான் போகும்.

ரிம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பழைய பெயிண்ட் மேலேயே அடித்துவிடக் கூடாதா?

தொழிற்சாலைப் பூச்சு எங்கும் தூக்காமல், வெள்ளைத் தடம் ஒன்றுகூட இல்லாமல் இருந்தால், உப்புத்தாளில் சொரசொரப்பாக்கி அதன்மேல் திரவப் பூச்சு அடிக்கலாம். பவுடருக்கு அது பொருந்தாது. அடுப்பின் வெப்பத்தில் பழைய பூச்சு கொப்புளித்து மேலே உள்ளதையும் கெடுக்கும். நம் பகுதியில் சில வருடம் ஓடிய ரிம்மில், முன்பக்கம் எப்படி இருந்தாலும் பின்பக்கத்திலும் டயர் உட்காரும் விளிம்பிலும் அரிப்பு இல்லாமல் இருப்பது அபூர்வம். அந்த அரிப்பை மூடி அடிக்கும் பூச்சு, அரிப்புக்குக் கூரை போட்டுத் தருவதாகவே முடியும்.

பழைய பூச்சை எடுக்கக் காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கலாம் என்கிறார்களே?

இரும்புக் கேட்டுக்கு அது சரி. அலுமினியத்துக்கு அது கூடவே கூடாது. அலுமினியம் கடும் அமிலத்திலும் கரையும், கடும் காரத்திலும் கரையும். காஸ்டிக் தொட்டியில் ரிம்மைப் போட்டால் குமிழ் வருவது பெயிண்டிலிருந்து மட்டுமல்ல, உலோகமே கரைவதால் ஹைட்ரஜன் வாயு வெளியேறுகிறது. அலுமினியத்துக்கென்று விற்கப்படும் பெயிண்ட் ரிமூவரைப் பூசி எடுத்து, மிச்சத்தை மெல்லிய கண்ணாடி மணி அல்லது அலுமினியம் ஆக்ஸைடு தூளால் பிளாஸ்டிங் செய்ய வேண்டும், அதாவது தூளைக் காற்றழுத்தத்தில் பாய்ச்சித் தேய்த்தெடுக்க வேண்டும்.

பிளாஸ்டிங்கில் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரும்பைத் தேய்த்த அதே தூளை உங்கள் ரிம்முக்கும் பயன்படுத்தினால், இரும்புத் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து, பின்னர் பூச்சுக்கு அடியில் அரிப்பைத் தொடங்கிவைக்கும். ஆற்று மணலையோ கடற்கரை மணலையோ பயன்படுத்தும் இடத்துக்குப் போகவே வேண்டாம். அதன் தூசி வேலை செய்பவரின் நுரையீரலில் சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயை உண்டாக்கும், கடல் மணலில் உப்பும் கலந்திருக்கும். பிளாஸ்டிங் முடிந்த ரிம்மை அன்றைக்கே அடிப்பூச்சுக்குள் கொண்டுவர வேண்டும். பட்டறை வாசலில் ஓர் இரவு திறந்து கிடந்தால், சென்ற பதில்களில் சொன்ன உப்புப் படலம் அதன்மேல் ஏறிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த உப்பை உள்ளே வைத்து மூடிய பூச்சு சில மாதங்களில் கொப்புளிக்கத் தொடங்கும்.

டயரைக் கழற்றாமல், பேப்பர் ஒட்டி அடித்தால் என்ன?

டயர் இருந்தால் ரிம்மின் விளிம்புக்குப் பூச்சு போகாது. நம் ஊரில் அரிப்பு தொடங்குவதே அங்குதான். பவுடர் முறைக்கு டயர், வால்வு, காற்றழுத்த உணரி, ஒட்டிய வெயிட்டுகள் எல்லாவற்றையும் அகற்றியே ஆக வேண்டும். ரப்பர் வால்வைத் திரும்பப் போடும்போது புதியதாக மாற்றிவிடுங்கள்.

பேலன்சிங் செய்யும்போது விளிம்பில் கிளிப் வைத்து அடிக்கும் வெயிட் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தக் கிளிப் புதுப் பூச்சைக் கீறும். கிளிப்பின் உலோகமும் அலுமினியமும் சேர்ந்து, முலாம் பற்றிச் சொன்ன அதே மின்கலத்தை உண்டாக்கும். உட்புறம் ஒட்டும் வெயிட்டையே கேளுங்கள்.

அடுப்பில் 200 டிகிரி சூடாக்கினால் ரிம் பலம் போய்விடாதா தம்பி? நாங்கள் குடும்பத்தோடு போகிற வண்டி.

ஐயா, இது கேட்க வேண்டிய கேள்வி. அலாய் ரிம்கள் பெரும்பாலும் ஏ356 எனப்படும் வார்ப்புக் கலவையால் ஆனவை. அலுமினியத்தில் ஏறத்தாழ 7 சதவீதம் சிலிக்கானும் சிறிதளவு மெக்னீசியமும் கலந்தது. அதை வார்த்த பிறகு சூடாக்கி, நீரில் குளிரவைத்து, மீண்டும் மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்துத்தான் அந்த உறுதியைக் கொடுக்கிறார்கள். 200 டிகிரிக்கு மிகாமல் இருபது நிமிட அளவில் முடியும் பவுடர் சூடு இதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. அதைவிட உயர்ந்த சூடும், மணிக்கணக்கில் நீளும் சூடும், மீண்டும் மீண்டும் உரித்து மீண்டும் மீண்டும் சுடுவதும் உறுதியைக் குறைக்கும்.

ஆகவே அடுப்பில் வெப்பமானி வேலை செய்கிறதா என்று நேரில் பாருங்கள். மூன்று அடுக்குக்கும் மூன்று முழுச் சூடு கொடுக்காமல், கீழ் அடுக்குகளைப் பாதி வேக்காட்டில் நிறுத்தி, கடைசியில் ஒன்றாக முழுமையாகச் சுடும் பழக்கம் நல்ல பட்டறைகளில் உண்டு. அப்படிச் செய்தால் அடுக்குகளும் ஒன்றையொன்று நன்றாகப் பிடித்துக்கொள்ளும். நெளிந்த ரிம்மைக் கேஸ் அடுப்புச் சுவாலையில் காய்ச்சி நிமிர்த்தும் இடத்தில் மட்டும் வண்டியை விடாதீர்கள். அங்கே சூடு எவ்வளவு ஏறியது என்று எவருக்கும் தெரியாது.

ரிம்மில் கல் பட்ட பள்ளமும் ஒரு கீறல் விரிசலும் இருக்கிறது. பட்டி வைத்து மறைத்துவிடலாமா?

பள்ளம் வேறு, விரிசல் வேறு. விரிசல் உள்ள ரிம்முக்கு எந்தப் பூச்சும் போடக் கூடாது. பளபளப்பு அதை மறைத்துவிடும். ஓட்டுபவருக்கு எச்சரிக்கை கிடைக்காது. ஆரங்களின் (ஸ்போக்குகளின்) அடியிலோ உள் விளிம்பிலோ விரிசல் இருந்தால் அந்த ரிம்மை ஒதுக்கிவிடுங்கள்.

நடைபாதைக் கல்லில் உரசிய மேலோட்டமான பள்ளத்தை அராவிச் சமன்படுத்தலாம். கார் பாடிக்குப் போடும் சாதாரண பட்டி, பவுடர் அடுப்பின் சூட்டைத் தாங்காது. உலோகத்தூள் கலந்த, அந்தச் சூட்டுக்கென்றே செய்த பட்டிதான் வேண்டும். திரவப் பூச்சு என்றால் சாதாரண பட்டி போதும்.

பவுடர் அடித்த ரிம்மில் ஊசிமுனை ஓட்டை ஓட்டையாக வந்தது ஏன்?

வார்ப்பு அலுமினியத்துக்குள் நுண்துளைகள் இருக்கும். அவற்றில் தங்கிய காற்றும் எண்ணெயும் பழைய ரசாயனமும் அடுப்பில் சூடானதும் வெளியேறி, உருகிக்கொண்டிருக்கும் பவுடரைத் துளைத்துக்கொண்டு வரும். பவுடர் தூவுவதற்கு முன் வெறும் ரிம்மையே ஒருமுறை அடுப்பில் வைத்து இவற்றை வெளியேற்ற வேண்டும். அவசரப்படும் பட்டறைகள் விட்டுவிடும் படி இதுதான். உள்நாட்டில் இந்தத் துளைகள் அழகுக் குறையாக முடியலாம்; இங்கே ஒவ்வொன்றும் உப்புக்கு வாசலாகும்.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆரங்கள் ஒன்று கூடும் உள்மூலைகளுக்கு மின்னேற்றிய பவுடர் எளிதில் போவதில்லை. அங்கே படலம் மெல்லியதாகிவிடும். கூர்மையான விளிம்புகளில் உருகும் பவுடர் பின்வாங்கி, அங்கும் மெலிந்துவிடும். விளிம்புகளை முன்பே உப்புத்தாளால் மழுக்குவதும், மூலைகளுக்குத் தனியாக முதலில் தூவுவதும் கைத்திறன் உள்ளவர் செய்யும் வேலை. முடிந்த ரிம்மை வாங்கும்போது, அகன்ற முன்பக்கத்தைவிட இந்த மூலைகளையும் விளிம்புகளையும் விளக்கடித்துப் பாருங்கள்.

வீட்டிலேயே ஸ்பிரே டப்பா வாங்கி அடிக்கலாம் என்று பார்க்கிறேன். முடியுமா?

முடியும், ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். குரோம் என்று எழுதிய டப்பாக்களில் பெரும்பாலானவை அடித்த கணத்தில் மின்னும். மேலே கிளியர் அடித்ததும் சாம்பல் நிறத்துக்கு மங்கிவிடும். கிளியர் அடிக்காமல் விட்டால், திறந்திருக்கும் அலுமினியத் துகள் கடற்காற்றில் கறுத்துப் போகும். ஆகவே கறுப்பு அடித்தளத்தின்மேல் மிக மெல்லிய வெள்ளிப் பனி, பிறகு ஹார்ட்னர் (பூச்சை இறுகவைக்கும் திரவம்) கலந்த கிளியர் என்ற வழிதான் வீட்டில் ஓரளவு பலன் தரும். அடித்தளக் கறுப்பு கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தால்தான் மேலே உலோகத் தோற்றம் வரும். வேலையின் பெரும்பகுதி அந்தக் கறுப்பில்தான் இருக்கிறது.

பூச்சுத் தொழிலில் ஒரு பொது விதி உண்டு: ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட உலோகம் குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்க வேண்டும். நம் பக்கத்தில் காலைப் பனி முற்றும் விலகி, வெயில் ஏறி, பிற்பகல் கடற்காற்று வலுக்கும் முன் உள்ள நேரமே இதற்கு ஏற்றது. ஐப்பசி முதல் மார்கழி வரை வீட்டில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

ஹார்ட்னர் கலந்த கிளியரில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. அதைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுதும் நிற்கும். கைக்குட்டையும் துணி முகக்கவசமும் அதைத் தடுக்காது. வெளிக்காற்றுக் குழாய் இணைத்த முகக்கவசம் இல்லாவிட்டால், அந்தக் கடைசிப் பூச்சை மட்டுமாவது பெயிண்ட் பூத் உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள்.

என் வண்டியில் டைமண்ட் கட் ரிம். அதை அப்படியே வைத்து மேலே கறுப்புக் கிளியர் மட்டும் அடிக்கலாமா?

டைமண்ட் கட் என்பது லேத்தில் சீவிய வெறும் அலுமினிய முகப்பு. அதைக் காப்பது ஒரு தெளிவுப் படலம் மட்டுமே. சீவிய கூர்மையான விளிம்புகளில் அந்தப் படலம் மெல்லியது. நம் கரையில் முதலில் வெள்ளை பூப்பது இந்த வகைதான். புகைச் சாயக் கிளியர் அடித்தால் அழகான டார்க் குரோம் தோற்றம் வரும் என்பது உண்மைதான், ஆனால் அடியில் எபாக்ஸி இல்லாததால் பலவீனம் அப்படியே தொடரும். லேத்தில் மீண்டும் சீவினால் ஒவ்வொரு முறையும் உலோகம் குறையும். அதற்கும் எல்லை உண்டு. சீவல் முகப்பை மறந்துவிட்டு, முழு ரிம்முக்கும் மூன்று அடுக்கு பூசுவதே இங்கே புத்திசாலித்தனம்.

டாக்ஸி வண்டி, இரும்பு ரிம். அதற்கும் போடலாமா?

தாராளமாகப் போடலாம், பிளாஸ்டிக் கேப் போட்டு மறைப்பதைவிட நல்லது, ஏனென்றால் கேப்புக்குள் மணலும் உப்பும் சேர்ந்து தங்கும். இரும்புக்கு அடிப்பூச்சு மாறும்: துருவை முழுதும் பிளாஸ்டிங் செய்து எடுத்து, துத்தநாகத் தூள் நிறைந்த பிரைமர் அடிக்க வேண்டும். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும்.

பூச்சு போட்ட பிறகு வீல் நட் தளர்ந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

நட் உட்காரும் குழியிலும், ரிம் ஹப்போடு (சக்கரத்தைத் தாங்கும் நடுப்பகுதியோடு) சேரும் பின்முகத்திலும் தடித்த பூச்சு இருந்தால் உண்மைதான். ஓட்டத்திலும் பிரேக் சூட்டிலும் அந்தப் பூச்சு அமுங்கும். அமுங்கியதும் நட்டின் பிடி குறையும். அந்த இரண்டு இடங்களையும் சூடு தாங்கும் டேப் ஒட்டியோ சிலிக்கோன் அடைப்பு வைத்தோ மறைத்துவிட்டுத்தான் தூவ வேண்டும். ஒருவேளை தூவப்பட்டிருந்தால் உலோகம் தெரிய எடுத்துவிட வேண்டும். பின்முகம் பூச்சில்லாமல் இருப்பதால் அங்கே ஹப்போடு ஒட்டிக்கொள்ளாதிருக்க, அரிப்புத் தடுப்புக் கிரீஸை மிக மெல்லியதாகத் தடவலாம். நட்டிலோ போல்ட் மரையிலோ தடவக் கூடாது.

வண்டியின் கையேட்டில் சொன்ன இறுக்கத்தை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் கொண்டு வையுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்குக் கொண்டுபோய் வேலை முடித்துத் திரும்புகிறவர்களுக்கு, ஊர் வந்து சேர்ந்ததும் பார்க்க வேண்டிய முதல் வேலை இதுதான்.

எப்போது தண்ணீர் ஊற்றிக் கழுவலாம்?

பவுடர் என்றால் ரிம் ஆறிய அன்றே வண்டியில் மாட்டலாம், கழுவலாம். ஹார்ட்னர் கலந்த திரவக் கிளியர் தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே இறுக ஒரு வாரம் ஆகும். அதுவரை ஷாம்பு, மெழுகு, டயர் பாலிஷ் எதுவும் வேண்டாம்.

தனுஷ்கோடி போய்விட்டு வந்தால் என்ன செய்ய வேண்டும்? எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான்.

அரிச்சல்முனை வரை 2017 முதல் தார்ச்சாலை இருப்பதால் வண்டி மணலில் இறங்க வேண்டியதில்லை; ஆனாலும் இரு புறமும் கடல் தெறிக்கும் சாலை அது, காற்று மணலைக் கொண்டுவந்து சாலையில் கொட்டிக்கொண்டே இருக்கும். திரும்பியதும் பிரேக் ஆறும்வரை காத்திருங்கள். கொதிக்கும் டிஸ்க்கில் குளிர்ந்த நீர் பட்டால் அது நெளியக்கூடும். பிறகு துணி தொடாமல் வெறும் தண்ணீரை மட்டும் பாய்ச்சி மணலை இறக்க வேண்டும். மணல் இருக்கும்போதே துடைத்தால் கிளியரில் விழும் கீறல்கள்தான் பிற்பாடு அரிப்புக்கு வழியாகின்றன. ஆரங்களின் பின்பக்கத்தையும் சக்கர வளைவின் உட்புறத்தையும் மறக்காதீர்கள்.

நம் மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரே உப்பு. அந்தப் போர் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் ஓர் உப்பை எடுத்து வேறோர் உப்பை வைத்ததாகிவிடும். மணலை இறக்கப் போர் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். கடைசி அலசலுக்கு ஒரு வாளி காவிரிக் கூட்டுக் குடிநீரோ பிடித்துவைத்த மழைநீரோ போதும். பிறகு மென்மையான துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். குடிநீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் தெருக்களில் ரிம்முக்குக் குழாயைத் திறந்துவிடுவது நியாயமில்லை. நான்கு சக்கரத்துக்கும் ஒரு வாளி உண்மையிலேயே போதும்.

வாட்டர் சர்வீஸ் கடைகளில் ரிம்முக்கென்று ஆசிட் தெளிப்பதைத் தடுத்துவிடுங்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்தவை கிளியரை மங்கச் செய்யும், அவற்றைக் கையாளும் தொழிலாளியின் எலும்புவரை கேடு செய்யும். பிரேக் தூசியின் இரும்புப் புள்ளிகளுக்கு, தெளித்ததும் ஊதாவாக மாறும் அமிலமற்ற திரவம் கிடைக்கிறது. அதைத் தெளித்துக் காயவிடாமல் அலசினால் போதும்.

ஷெட்டுக்குள் கவர் போட்டு வைத்த என் வண்டி ரிம் போய்விட்டது. தெருவில் நிற்கும் பக்கத்து வீட்டு வண்டி நன்றாக இருக்கிறது. இது என்ன கணக்கு?

கணக்கு சரிதான். தெருவில் நிற்கும் வண்டியின் உப்பை மழை அவ்வப்போது கழுவிவிடுகிறது, வெயில் காயவைக்கிறது. ஷெட்டுக்குள் காற்று உப்பைக் கொண்டுவரும், மழை வந்து கழுவாது. கவர் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பு எப்படி ஈரத்தை இழுக்கும் என்று மேலே சொன்னதை இதனோடு சேர்த்துப் பாருங்கள். ஷெட் நல்லதுதான். ஆனால் உள்ளே விடுவதற்கு முன் ரிம்மை அலசிக் காயவைக்க வேண்டும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால், தரைவரை மூடும் கவருக்குப் பதிலாகச் சக்கரம் வெளியே தெரியும் கவரைப் போடுங்கள்.

துபாயில் என் வண்டிக்குக் குரோம் ரிம் பல வருஷம் அப்படியே இருந்தது பாய். அங்கேயும் கடல்தானே?

அங்கேயும் கடல்தான். ஆனால் அங்கு கழுவுவது உப்பு நீக்கிய நீரில். வண்டியைத் துடைக்கும் வழக்கமும் அடிக்கடி உண்டு. சாலையில் சல்லியும் குறைவு. நம் கிராமச் சாலைகளில் தெறிக்கும் சல்லிதான் முலாமில் முதல் துளையைப் போடுகிறது. அதன்பின் நடப்பதை முலாம் பற்றிய பதிலில் சொல்லிவிட்டேன். புதிதாக வாங்கும் ரிம் குரோம் நிறம்தான் வேண்டும் என்றால், பி.வி.டி. ரிம்மைப் பாருங்கள். அதன் உலோகப் படலம் மிக மெல்லியது. அது நேரடியாக அலுமினியத்தின்மேல் இல்லாமல் பவுடர் படலத்தின்மேல் இருக்கிறது.

ஒரு கடையில் 1000 மணி நேர உப்புத் தெளிப்புச் சோதனையில் தேறிய பவுடர் என்கிறார்கள். அப்படியானால் எத்தனை வருஷம் வரும்?

அந்தச் சோதனையில், 35 டிகிரி வெப்பமுள்ள மூடிய பெட்டிக்குள் 5 சதவீத உப்புக் கரைசலைத் தொடர்ந்து பனிபோலத் தெளிப்பார்கள். ஒரு பவுடரை இன்னொன்றோடு ஒப்பிட அது உதவும். மணியை வருடமாக மாற்றும் கணக்கு எதுவும் இல்லை. பெட்டிக்குள் வெயிலும் சல்லியும் பிரேக் சூடும் இல்லை. நனைவதும் காய்வதும் மாறிமாறி நடப்பதும் இல்லை. மேலும் அது தொழிற்சாலையில் ஒழுங்காகத் தயாரித்த தகட்டில் நடந்த சோதனை. உங்கள் ரிம்மை அந்தக் கடை எப்படித் தயாரிக்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும்: எதனால் உரிக்கிறார்கள், முன்சூடு கொடுக்கிறார்களா, எபாக்ஸி உண்டா, நட் குழியை மறைக்கிறார்களா. விலையையும் இந்தப் படிகளுக்குத் தனித்தனியாகக் கேளுங்கள். மிகக் குறைந்த விலை சொல்பவர் எந்தப் படியை விட்டார் என்று அப்போது தெரிந்துவிடும்.

சின்னதாக ஒரு இடத்தில் பெயர்ந்துவிட்டது. அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியுமா?

அரிப்பைத் தடுக்க முடியும். தடம் தெரியாமல் செய்ய முடியாது. டார்க் குரோமின் ஆழம் படலத்தின் கனத்தைப் பொறுத்தது என்பதால், ஓர் இடத்தில் மட்டும் அதே நிறத்தைக் கொண்டுவர இயலாது. நல்ல நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, தளர்ந்ததை உப்புத்தாளால் எடுத்து, எபாக்ஸி, கறுப்பு, கிளியர் என்று சிறு தூரிகையால் வையுங்கள். பார்த்த வாரமே செய்யுங்கள். ஒரு ரிம்மை மட்டும் முழுதாகத் திரும்பச் செய்தாலும் மற்ற மூன்றோடு சிறிது வேறுபடும். அந்த ரிம்மை வண்டியின் பின்பக்கம் மாட்டினால் அதிகம் கண்ணில் படாது.

ஆர்.டி.ஓ.வில் எதுவும் பதிய வேண்டுமா?

பதிவுச் சான்றில் இருப்பது வண்டியின் நிறம், ரிம்மின் நிறம் அல்ல. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதைப் பற்றியது. அதே ரிம்முக்கு அதே அளவில் பூச்சு மட்டும் போடுவது அதில் சேராது. உத்தரவாதக் காலம் மீதமிருந்தால், ரிம்மைப் பொறுத்தவரை அது செல்லாமல் போகக்கூடும் என்பதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே குரோம் முலாம் போட்டு உரிந்துகொண்டிருக்கும் ரிம். அதன் மேலேயே கறுப்புப் பவுடர் அடித்துத் தருவீர்களா?

முலாம் மீதிருக்க அடிக்க மாட்டேன். குரோமியத்தின் வழவழப்பில் பவுடர் பிடிக்காது. உரிந்த ஓரங்களைத் தேய்த்துச் சமன்படுத்தி அடித்தாலும், இன்னும் உரியாமல் நிற்கும் பகுதியின் அடியில் அரிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். முலாம் தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்து, குரோம், நிக்கல், செம்பு மூன்றையும் முழுதாக எடுக்க வேண்டும். அவற்றை எடுக்கும் ரசாயனம் அலுமினியத்தையும் தின்னக்கூடியது என்பதால், அலாய் ரிம்மில் அனுபவம் உள்ளவரா என்று கேட்டுக் கொடுங்கள்.

முலாம் போன பிறகுதான் உண்மையான நிலை தெரியும். முகப்பில் உள்ள குழிகளைச் சமன்படுத்தலாம். டயர் உட்காரும் பட்டையில் ஆழமான குழிகள் இருந்தால் காற்று நிற்காது. நட் குழியோ ஆரத்தின் அடியோ அரிக்கப்பட்டிருந்தால் அந்த ரிம் ஓட்டத்துக்கு உதவாது. அப்படிப்பட்டவற்றைப் பழைய உலோகக் கடைக்குக் கொடுத்துவிட்டு, வண்டியோடு வந்த சாதாரண ரிம் வீட்டில் இருந்தால் அதைக் கொண்டுவாருங்கள். அதற்குப் பூசினால் செலவும் குறையும்.